கொழும்பில் எதில் போவது: ரயிலா, பஸ்ஸா, ஆட்டோவா?

வெள்ளவத்தையில் வீடு இருந்தால் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. விசா நேர்முகம், கண் ஒப்பரேஷன், கலியாணச் சேலை என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை, இஞ்ச எதிலை போறது?" ஆட்டோ என்றால் கூடக் காசு கேட்பார்களோ என்று பயம். பஸ் என்றால் சிங்களம் தெரியாதே என்று தயக்கம். ரயில் என்ற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை. கொழும்பில் எனக்கு மிகவும் பிடித்த வாகனம் கரையோர ரயில் என்பதால், அதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அதனால்தான் மூன்றைப் பற்றியும் என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

போகும் இடம் கடலோரமா, கடலை விட்டு உள்ளேயா என்று முதலில் பாருங்கள். கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை ஒட்டித் தெற்கே போகின்றன. ரயில் பாதையும் காலி வீதியும் அதே வரிசையில்தான் ஓடுகின்றன. இந்த வரிசைக்குள் போய்வர ஆட்டோ தேவையில்லை. நாரஹேன்பிட்டி, பொரளை, பத்தரமுல்லை என்று குறுக்கே போவதானால்தான் ஆட்டோவோ காரோ கைகொடுக்கும்.

கோட்டையில் ஏறினால் வலது பக்க ஜன்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். முதலில் பேரே வாவி, கொம்பனித்தெரு, பழைய கட்டடங்களின் பின்சுவர்கள். கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது கட்டடங்கள் விலக, கடல் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கருங்கற்கள் மட்டும்தான். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் உப்பு பிசுபிசுக்கும். இதைப் பார்க்கத் தனியாக ஒரு சுற்றுலாச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்புச் சீட்டு போதும், மூன்று வழிகளிலும் அதுதான் மலிவு. வெள்ளவத்தைக்கு வந்து சேர 20 நிமிடம் வரை ஆகும். பின்னேரம் ஐந்தரை மணிக்குக் காலி வீதியில் அதே தூரத்துக்கு ஒரு மணித்தியாலம் போனாலும் ஆச்சரியமில்லை.

ரயிலில் கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. காலையில் கோட்டைப் பக்கம் போகும் ரயில்களும் பின்னேரம் கோட்டையிலிருந்து தெற்கே வரும் ரயில்களும் அலுவலகச் சனத்தால் நிரம்பி வழியும். வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து நீங்களும் தொங்க வேண்டாம். எதிர்த் திசையில் போனால் தாராளமாக இடம் கிடைக்கும். கல்கிசைக் கடற்கரைக்குப் போகிறவர்கள் காலையிலேயே வெளிக்கிடுவது அதனால்தான் நல்லது. ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் ரயில்கள் குறைவு. எல்லா ரயிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது, சீட்டு எடுக்கும்போதே "வெள்ளவத்தையில நிக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். மேடைக்கும் பெட்டியின் படிக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், ரயிலும் அதிக நேரம் நிற்காது. முழங்கால் வருத்தத்தோடு வட்டுக்கோட்டையிலிருந்து வந்த என் பெரியம்மாவை நான் ரயிலில் ஏற்றவில்லை. அவருக்குப் பஸ்தான் சரிவந்தது.

புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று: கோட்டை ரயில் நிலையம் இருப்பது புறக்கோட்டையில். வெளியே வந்தால் ஒல்கொட் சிலை, அதற்கு முன்னால் ஒல்கொட் மாவத்தை, நடந்துபோகும் தூரத்தில் பஸ் நிலையங்கள். செட்டியார் தெருவில் நகை பார்க்க வருகிறவர்களும் இங்கேதான் இறங்க வேண்டும்.

பஸ்ஸில் உங்களுக்கு நம்பர் தெரிந்தால் போதும். காலி வீதிக்கு 100, 101. இரண்டுமே புறக்கோட்டையிலிருந்து வருகின்றன, 100 பாணந்துறை வரை, 101 மொரட்டுவை வரை. நுகேகொட, மகரகமப் பக்கம் போக 138. போர்டில் ஊர்ப்பெயர் தமிழிலும் இருக்கும். சிங்களம் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம், இறங்கும் இடத்தின் பெயரைச் சொன்னாலே கண்டக்டர் பிடித்துக்கொள்வார். காலி வீதியில் தமிழ் கதைக்கும் கண்டக்டர்களும் நிறைய. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, அந்த நெரிசலிலும் யார் எங்கே ஏறினார் என்று நினைவில் வைத்திருப்பார்கள். அந்தத் திறமை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் பெரிய நோட்டை நீட்டாதீர்கள். மிச்சக் காசு பிறகு தருகிறேன் என்றால், இறங்குவதற்கு ஒரு ஹோல்ட் (பஸ் தரிப்பிடம்) முன்பே ஞாபகப்படுத்துங்கள்.

பெரியம்மாவுக்கு நான் முக்கியமாகச் சொல்லிக் கொடுத்தது இறங்குவதை. ஹோல்ட் வரும் முன்பே எழும்பி வாசலுக்குக் கிட்ட வர வேண்டும். பஸ் முழுதாக நிற்கும்வரை கம்பியை விடக்கூடாது. முன்பக்கம் பார்த்தபடி இடது காலை முதலில் வைக்க வேண்டும். தனியார் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்துவதற்காகச் சக்கரம் நிற்காமலேயே ஆட்களை இறக்கப் பார்க்கும். வயதானவர்களோடு போனால் "நிப்பாட்டுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். அவசரமில்லாவிட்டால் அரசாங்கத்தின் இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) சிவப்பு பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், அதில் ஓட்டப்பந்தயம் குறைவு. முன்னால் உள்ள ஆசனங்கள் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டவை, அவர்கள் ஏறினால் எழும்பிவிடுங்கள். பெரிய பெட்டிகளோடு மட்டும் பஸ்ஸில் ஏற வேண்டாம்.

அப்புறம் ஆட்டோ. 2015 இல் போனில் வண்டி கூப்பிடும் பிக்மீ, ஊபர் ஆப்கள் வந்தது கொழும்புக்கு வரும் எங்கள் ஆட்களுக்குப் பெரிய உதவி என்றுதான் நான் நினைக்கிறேன். ஏறுவதற்கு முன்பே கட்டணம் தெரிகிறது, வண்டி நம்பர் தெரிகிறது, பேரம் பேசத் தேவையில்லை. புறக்கோட்டையில் தெருவோரம் நின்ற ஓர் ஆட்டோவில் ஏறி, சிக்னலில் வண்டி அசையாமல் நிற்க, மீட்டர் மட்டும் கிடுகிடுவென்று ஏறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த மருமகனுக்கு அது டொலரில் சின்னத் தொகை. எனக்கு அது மனதில் முள்ளாகக் குத்தியது. அதே நகரத்தில், மறந்துவிட்டுப் போன மருந்துப் பையைத் திரும்பிக் கொண்டுவந்து தந்த சாரதியையும் தெரியும். 2022 இல் பெட்ரோல் வரிசையில் இரவு பகலாக ஆட்டோவுக்குள்ளேயே படுத்துக் கிடந்த மனிதர்கள் இவர்கள். நியாயமான காசைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

ஆப்பில் கூப்பிடும்போது உங்கள் இடத்தைச் சரியாகக் குறியுங்கள். வெள்ளவத்தையில் ஒரே மாதிரியான ஒழுங்கைகள் வரிசையாக இருப்பதால், வீட்டு நம்பரை விடச் சந்தியில் உள்ள கடையின் பெயர் சாரதிக்குச் சுலபம். கையில் காசும் வைத்திருங்கள், எல்லாச் சாரதிகளும் கார்டை விரும்புவதில்லை. ஏறும்போது வண்டி நம்பரை ஒருமுறை ஒத்துப் பாருங்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனால் "மரைன் டிரைவால போங்க அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். காலி வீதி அடைத்துக் கிடக்கும் நேரத்தில் அந்தக் கடலோர வீதி சீக்கிரம். மழை கொட்டத் தொடங்கினால் கட்டணமும் ஏறும், வண்டியும் லேசில் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் நேரம் குறித்திருந்தால் முன்கூட்டியே வெளிக்கிடுங்கள்.

விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கு 187 பஸ் உண்டு, பையோடு தனியாக வரும் இளைஞர்களுக்கு அது நல்லது. குடும்பமாகப் பெட்டிகளோடு வந்தால் ஆப்பில் கார் எடுத்து, 2013 இல் திறந்த அதிவேகப் பாதையால் வாருங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் ரயிலை நம்ப வேண்டாம். தனியாக வரும் பெண்பிள்ளைகள் அந்த நேரத்தில் ஆப்பிலேயே கூப்பிட்டு, பயண விபரத்தை வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஆடிவேல் திருவிழாக் காலத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று. செட்டியார் தெருவிலிருந்து வேல் பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில் காலி வீதியில் பஸ்ஸும் ஆட்டோவும் நகராது. ரயிலில் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் இறங்கி, கதிரேசன் கோயிலுக்கு நடந்து போங்கள்.