கம்யூனிகேட்டரா, லேப்டாப்பா?

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் ஆலையில் லெவல் டிரான்ஸ்மிட்டர் (தொட்டியின் திரவ மட்டத்தை அளக்கும் கருவி) மாட்டப் போனபோது, அதை அமைக்க ஹார்ட் (HART) கம்யூனிகேட்டர் என்ற கைக்கருவி, லேப்டாப் இரண்டும் கையில் இருந்தன.

ரேஞ்ச் (அளவின் கீழ், மேல் எல்லை) மட்டும் மாற்றவேண்டும் என்றால் கம்யூனிகேட்டர் போதும். சாரல் மழையில் ஏணியில் நின்றபடியே வேலை முடியும். லேப்டாப்பை அங்கே தூக்கிப் போகவா முடியும்?

ரேடார் அலையின் எதிரொலியை வைத்து மட்டம் அளக்கும் வகை என்றால் கதை வேறு. தொட்டியைக் கிளறும் துடுப்பில் பட்டுத் திரும்பும் பொய் எதிரொலி, பெரிய திரையில் வளைகோடாகப் பார்த்தால்தான் சட்டெனப் பிடிபடும். அதற்கு லேப்டாப்பில் பேக்ட்வேர் (PACTware) போன்ற மென்பொருளும், அந்தக் கருவிக்கான டிடிஎம் (DTM) என்ற டிரைவரும் வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்; மலையடிவாரத்தில் சிக்னலை நம்பி இறக்க முடியாது.

அப்புறம், எதை எடுத்தாலும் டிரான்ஸ்மிட்டரின் 4-20 மில்லி ஆம்பியர் லூப்பில் (சிக்னல் ஓடும் மின்சுற்றில்) ஹார்ட் தொடர்புக்குத் தேவையான சுமார் 250 ஓம் தடை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் நான் அரை மணி நேரம், லேப்டாப்பை லூப்போடு இணைக்கும் மோடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.