கீட்டோவா, ஆலிவ் எண்ணெயா: ஐம்பதை நெருங்கும் மூளைக்கு எது?

மாவுச்சத்தை அநேகமாக நிறுத்திவிட்டுக் கொழுப்பில் ஓடச் சொல்கிறது கீட்டோ கட்சி. ஆலிவ் எண்ணெய், மீன், பயறு, காய்கறி என்கிறது மத்தியதரைக்கடல் கட்சி. வயதாகும் மூளைக்கு நல்லது என்று இரண்டுமே ஆதாரம் காட்டுகின்றன. ஆனால் அவை ஒரே வகை ஆதாரம் இல்லை.

கீட்டோ பக்கம் இருப்பது மூளைக்குள் என்ன நடக்கிறது என்ற ஆதாரம். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலிலோ கிட்டத்தட்ட 20 சதவீதம் அதற்கே போகிறது. நரம்புச் செல் ஒவ்வொரு சமிக்ஞைக்குப் பிறகும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு இந்த மாதிரி வேலைக்குத்தான். வயது ஏற ஏற மூளை குளுக்கோஸை எடுத்துக்கொள்வது குறைகிறது. கொழுப்பை எரிக்கும்போது கல்லீரல் உண்டாக்கும் மாற்று எரிபொருளான கீட்டோன், வேறு வாசல் வழியே, இன்சுலின் தயவில்லாமல் உள்ளே போய்விடும். லேசான மறதி தொடங்கிய முதியவர்களிடமும் இந்த வழி அடைபடவில்லை என்று கனடாவின் ஷெர்ப்ரூக்கில் ஸ்டீபன் குன்னேன் குழு, மூளை எவ்வளவு எரிபொருள் எடுக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் காட்டியது.

இதைச் சமிக்ஞையோடு நேராக இணைத்தது அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் லிலியான் முஹிகா-பரோடி குழு. மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு எவ்வளவு நேரம் குலையாமல் நிற்கிறது என்பதை அளந்தார்கள். அது நாற்பதுகளின் கடைசியிலேயே ஆட்டம் காணத் தொடங்குகிறது. 2020இல் வெளியான ஆய்வில், ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வாரம் கீட்டோ உணவு சாப்பிட்டதும் இந்த நிலைத்தன்மை கூடியது. உணவில் வேறு எதுவோ காரணமாக இருக்கலாமே? அப்புறம் ஒரு வேளை குளுக்கோஸ் பானம், இன்னொரு வேளை அதே கலோரி அளவில் கீட்டோன் பானம் கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸ் நிலைத்தன்மையைக் குறைத்தது, கீட்டோன் கூட்டியது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்; எரிபொருளைத் தவிர மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டது. 2025இல் 19,000க்கு மேற்பட்டவர்களின் தரவை வைத்து, சரிவு சுமார் 44 வயதில் தொடங்கி 67 வாக்கில் வேகமெடுக்கிறது என்றும், கீட்டோன் அதிகம் கைகொடுப்பது 40-59 வயதில் என்றும் சொன்னார்கள்.

சரி, அதனால் பத்து வருடம் கழித்து மறதி குறையுமா? அதை இந்தச் சோதனைகள் சொல்லவில்லை. அவை பார்த்தது சில மணி நேரத்தை, மிஞ்சினால் ஒரு வாரத்தை.

மத்தியதரைக்கடல் கட்சியின் பலம் இங்கேதான். பார்சிலோனாவில் 447 முதியவர்களை, சராசரி வயது 67, சுமார் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மத்தியதரைக்கடல் உணவோடு ஒரு குழுவுக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய், இன்னொன்றுக்குத் தினம் 30 கிராம் பாதாம், வால்நட் போன்ற கொட்டைகள்; மூன்றாவதற்குக் கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுரை மட்டும். 2015இல் முடிவு வந்தது: அறிவுரைக் குழுவின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் சரிந்தன, மற்ற இரண்டும் தாக்குப்பிடித்தன. இதன் தாய் ஆய்வில் ஆட்களைக் குழு பிரித்ததில் கோளாறு இருந்து, 2018இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டார்கள் என்பதையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இதன் தங்கை முறையான, மூளைக்கென்றே வகுத்த மைண்ட் டயட்டுக்கு 2023இல் அடி விழுந்தது. 604 பேர், மூன்று ஆண்டுகள். வழக்கமான சாப்பாட்டில் கலோரியை மட்டும் குறைத்த குழுவைவிட அது குறிப்பிடும்படி முந்தவில்லை. இரண்டு குழுவுமே எடை குறைந்திருந்தன.

என் ஓட்டு மத்தியதரைக்கடலுக்கே, அதுவும் முதியவர்களுக்கு என்றால் தயங்காமல். நாற்பதுகளில் இருந்து, இன்சுலின் எதிர்ப்பும் (உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத நிலை) இருப்பவர் கீட்டோவைப் பரிசீலிக்கலாம். ஆனால் தேங்காயெண்ணெயை ஸ்பூனில் விழுங்குவது அதற்குக் குறுக்குவழி ஆகாது. அதில் பாதியளவு லாரிக் அமிலம், கீட்டோன் ஆக எளிதில் மாறுவதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீட்டோ பக்கமே போகக் கூடாது. ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் மிதமிஞ்சி ரத்தம் அமிலமாகும் நிலை) வந்துவிடும் அபாயம் அவர்களுக்கு உண்டு.