மெல்டன் மௌப்ரே போர்க் பை: சூடாக்காமல் சாப்பிடுங்கள்

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மெல்டன் மௌப்ரே வந்துவிடும். சின்ன ஊர்தான், ஆனால் 1086-ல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இங்கே சந்தை இருந்ததாகப் பதிவு இருக்கிறது, செவ்வாய்க்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. நான் போனது நாட்டிங்ஹாம் தெருவில் இருக்கும் டிக்கின்சன் அண்ட் மோரிஸ் கடைக்கு. 1851-லிருந்து போர்க் பை சுடுகிறார்கள், அதாவது பன்றி இறைச்சியை மாவு ஓட்டுக்குள் அடைத்துச் சுட்ட பண்டம்.

வெட்டிப் பார்த்தால் இறைச்சி சாம்பல் நிறத்தில் இருக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், பதப்படுத்தாத பன்றி இறைச்சி வெந்தால் அந்த நிறம்தான், கடைகளில் நாம் பார்க்கும் இளஞ்சிவப்புப் பை எல்லாம் பதப்படுத்திய இறைச்சியில் செய்தது. அச்சுக்குள் வைக்காமல் அப்படியே சுடுவதால் பக்கங்கள் தொப்பை போட்டு நிற்கின்றன. வெந்த பிறகு மேல்மூடியில் இருக்கும் துளை வழியாக எலும்புச் சாறு ஊற்றுகிறார்கள், அது ஆறி ஜெல்லியாகி ஓட்டுக்கும் இறைச்சிக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. மிளகுக் காரம் அருமை. ஜெல்லி எல்லாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடித்தது. ஓடுதான் அடிப்பக்கம் தடிமன் ஜாஸ்தி.

அந்தத் தடிமனுக்கும் ஒரு கதை சொல்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் ஸ்டில்டன் என்கிற நீலப் பூசண சீஸ் செய்தபோது வடிந்த நீரைப் பன்றிகளுக்கு ஊற்றி வளர்த்தார்கள், அதனால் பன்றி இறைச்சிக்குப் பஞ்சமே இல்லை. குளிர்காலத்தில் நரி வேட்டைக்கு ஊரே நிரம்பும். வேட்டைக்கு வந்த பணக்காரர்களின் குதிரைக்காரர்கள் இந்தப் பண்டத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்களாம், ஓடு கெட்டியாக இருந்ததால் நசுங்கவில்லை, அதைப் பார்த்து எஜமானர்களும் கேட்க ஆரம்பித்தார்களாம். அந்த எஜமானர்கள் சாது என்று நினைத்துவிடாதீர்கள்: 1837-ல் வாட்டர்ஃபோர்ட் பிரபுவும் அவர் கூட்டாளிகளும் குடித்துவிட்டு ராத்திரியில் ஊர்க் கதவுகளுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். சரி, பைக்கு வருவோம். 1831 வாக்கில் இந்தப் பை குதிரை கோச் வண்டியில் லண்டன் போக ஆரம்பித்தது, அப்புறம் ரயில் வந்ததும் வியாபாரம் பெருகியது. இப்போது மெல்டன் பெயர் போட்டு விற்க வேண்டுமானால் குறிப்பிட்ட எல்லைக்குள் சுட்டிருக்க வேண்டும், இறைச்சியும் பதப்படுத்தாததாக இருக்க வேண்டும். சட்டமே இருக்கிறது.

ஒரே கடுப்பு வேறு இடத்தில். பக்கத்தில் ஒரு டீக்கடையில் பை கேட்டேன், மைக்ரோவேவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜெல்லி உருகி ஓடு நமுத்து, தட்டில் எண்ணெய் மிதந்தது. காசு கொடுத்துவிட்டுப் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். இதை ஆறியபடிதான் சாப்பிட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, கடுகு சாஸ் தொட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பை ஒன்று வாங்கினால் நாலு பேருக்குத் தாராளம். பன்றி சாப்பிடாதவர்கள் ஸ்டில்டன் வாங்கலாம், ஆனால் வாசனை தூக்கலாக இருக்கும், ரயிலில் கொண்டுவருவதானால் நன்றாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள்.