கோபர்நிகஸ் பிரவுசர்: குவாரி பக்கத்து ஊர்க்காரங்களுக்காக ஒரு ரிவ்யூ

ராதாபுரம் பக்கம் கல்குவாரிக்கு நடுவுல குடியிருக்க ஆளுங்க இந்த வெப்சைட்ட ஒருக்கா தொறந்து பாருங்க. ஐரோப்பாக்காரன் விட்ட சென்டினல் சாட்டிலைட் படம் பூராவும் இதுல ஓசிதான். போன்ல திணறும், லேப்டாப் நல்லது. தமிழ் கெடையாது.

பழைய படம்தான் இதுல விசேசம். சென்டினல்-2ல மொத சாட்டிலைட் 2015ல மேல போச்சு, 2017ல அதோட ஜோடியும் போன பொறவு அஞ்சு நாளைக்கு ஒரு படம் வருது. ஒரே ஊர 2017 மார்ச்லயும் இந்த வருசம் மார்ச்லயும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சா பச்சையா கெடந்த எடத்துல குவாரி வெள்ளையா ஏறியிருக்கது சின்னப்புள்ள கூட காட்டிரும். சுத்தி புள்ளி வச்சா பரப்பு சொல்லும், 1 ஹெக்டேர்னா 2.47 ஏக்கர்னு நாமதான் மாத்திக்கணும். ஃபால்ஸ் கலர்ல, அதாவது நெசமில்லாத கலர்ல போட்டா பயிரு செவப்பு, கொளத்து தண்ணி கருப்பு, எந்த கொளம் வருசா வருசம் சுருங்குதுன்னு கூட பாக்கலாம். ஆனா எத்தன அடி ஆழம் தோண்டிருக்கான்னு தெரியாது.

எனக்கு கடுப்பான விசயம் என்னன்னா, படத்துல ஒரு புள்ளி (பிக்சல்) 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ரெண்டர சென்ட்டுக்கு கொஞ்சம் கம்மி. சர்க்கார் குடுத்த மூணு சென்ட்ல வீடு கட்டிருக்க சனத்துக்கு வீடே மொத்தம் ஒத்தப் புள்ளிதான்வே, குவாரிக்காரனுக்கு நூத்துக்கணக்குல புள்ளி. வெடி வச்சு செவுரு விரிஞ்சதும், மூடாத கொடத்துல படியுற தூசியும் மேலருந்து எப்படி தெரியும்?

மேகம் இன்னொரு தலவலி. 2023 டிசம்பர் மழைல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டுச்சுல்லா, அந்த மாதிரி நேரத்துல சென்டினல்-2 படத்துல வெள்ள மேகந்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்த தாண்டி பாக்கும், ஆனா அப்ப ஒண்ணுதான் ஓடிட்டு இருந்துச்சு, 12 நாளைக்கு ஒருக்காதான் அதே வழில வரும்.

திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கு படத்த மட்டும் நீட்டாதீங்க, சர்வே நம்பர் எங்கன்னு கேப்பாங்க. எஃப்எம்பி ஸ்கெட்ச், அதாவது சர்வே நம்பரோட நெல அளவு வரைபடம், ஆன்லைன்லயே கெடைக்கும், ஆர்டிஐ போட்டு குத்தகை ஆர்டரும் வாங்கி, தேதி போட்ட படத்தோட சேத்து குடுங்க.

அஞ்சுக்கு மூணர. 2024 டிசம்பர்ல நடுக்கல்லூர் பக்கம் கேரளா ஆஸ்பத்திரி கழிவ லாரில கொட்டிட்டு போனாம்லா, அந்த மாதிரி சோலிய பிடிக்க இது ஆகாது, அதுக்கு போன் கேமராதான்.