காளி கோயில் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை

ரங்கூன் அனோரதா சாலையில் காளி கோயிலைத் தாண்டி, ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது.

எனக்கு ஆறு வருடமாக ஐபிஎஸ் (IBS) என்கிற எரிச்சல் குடல் நோய். வெங்காயம், பூண்டு கொஞ்சம் சேர்ந்தாலும் வயிறு உப்பி முறுக்கும். அவற்றில் இருக்கும் ஃப்ரக்டான் என்கிற ஒருவகை கார்போஹைட்ரேட் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் போய்ப் புளிக்கிறது. ஊரே காலையில் மொகிங்கா சாப்பிடும்; வெங்காயம், பூண்டு போட்ட மீன் குழம்பில் நூடுல்ஸ் அது. நான் வெறும் சோறுதான்.

சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாததைக் கடை அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்ன தங்கச்சி, உனக்குத் தனியா தாளிச்சுத் தர்றேன்" என்றார். பூண்டுப் பல்லை எண்ணெயில் பொன்னிறமாக்கி, பல்லை எல்லாம் அரித்தெடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் சீரகம் பொரித்து ரசத்தில் கொட்டுகிறார். ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் மணம் அப்படியே இருக்கிறது, வயிறும் அமைதியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் ஒருமுறை சாம்பார் மாறி வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். கழிவறை பின்கட்டில், சுத்தமாக இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்.

போன மாதம் இதே பாடு படும் இன்னொரு பெண்ணை அக்கா என் பெஞ்சில் உட்கார வைத்தார். அப்புறம் செவ்வாய்தோறும் சேர்ந்தே சாப்பிடுகிறோம்.