ஆட்டு முத்திரை போட்ட மெரினோ சுவெட்டர்: ஒரு கணக்கப்பிள்ளையின் மதிப்பீடு

நுவரெலியா பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் குளிராடைக் கடை ஒன்றில் சாம்பல் நிற மெரினோ ஆட்டுக் கம்பளிச் சுவெட்டர் வாங்கினேன். விலை 7,500 ரூபாய். அதே கம்பியில் தொங்கிய அக்ரிலிக் என்ற செயற்கை இழைச் சுவெட்டர் 1,800 ரூபாய்தான். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு என்றார் கடைக்காரர்.

"உண்மையான கம்பளிதானா தம்பி?" என்று கேட்டேன். "நீங்களே பாருங்கள் ஐயா" என்று உள்தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்துத் தீக்குச்சியைக் காட்டினார். மயிர் கருகும் நாற்றம் வந்தது. தீயை எடுத்ததும் தானாக அணைந்தது. சாம்பல் விரலில் பொடிந்தது. அடுத்து அக்ரிலிக் நூல்: உருகி வழிந்து, கறுத்த குன்றிமணியாக இறுகிவிட்டது. அவரிடம் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

சுவெட்டர் நன்றாக இருக்கிறது. ஜனவரி விடியலில் புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்துக் கிடக்கும்போதும் இதற்கு மேல் இன்னொன்று தேவைப்படவில்லை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் உடலுக்கு ஈரமாகத் தெரியாது; தூறலும் மூடுபனியும் மாறிமாறி வரும் எங்கள் ஊருக்கு அதைவிட என்ன வேண்டும்? நூல் மெல்லியது என்பதால் கழுத்தில் குத்தவில்லை. எங்கள் பாட்டிமார் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுத்த கம்பளி அப்படியல்ல. நனைந்தால் ஆளையே அழுத்தும், கழுத்தை அறுக்கும். அதன் விலையையும் தோட்ட நிர்வாகம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்.

இனி, அட்டையில் இருந்த முத்திரை. 'ரெஸ்பான்சிபிள் வுல் ஸ்டாண்டர்ட்' என்று ஆட்டுப் படத்துடன் போட்டிருந்தது. டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு 2016-இல் கொண்டுவந்த தரம் அது. மெரினோ ஆட்டின் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். வால்பக்க மடிப்பில் ஈரமும் சாணமும் தங்கினால் ஈ முட்டையிட்டுப் புழு சதையைத் தின்னும். அதைத் தடுக்க, குட்டியாக இருக்கும்போதே அந்தப் பகுதித் தோலை அறுத்தெடுப்பது ஆஸ்திரேலிய வழக்கம், 'மியூல்சிங்' என்பார்கள். நியூசிலாந்து 2018-இல் அதைச் சட்டப்படி தடை செய்தது. இந்த முத்திரையும் அதை அனுமதிப்பதில்லை. மேய்ச்சல் நிலம் மொட்டையாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறது. இவ்வளவுக்கும் நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் முத்திரை என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் கணக்கப்பிள்ளையாக வேலை செய்த தோட்டத்திலும் தேயிலைக்குச் சான்றிதழ் இருந்தது. ஆடிட் வருகிறது என்றால் முந்தின வாரமே மருந்தடிப்பவர்களுக்குக் கையுறை வரும், மலசலகூடத்துக்குச் சுண்ணாம்பு ஏறும். ஆடிட்டர் ஐயாவின் வாகனம் வளைவு திரும்பியதும் கையுறை ஸ்டோருக்குப் போய்விடும். இதற்காகச் சான்றிதழே வீண் என்று சொல்ல மாட்டேன். சில கொடிய மருந்துகள் எங்கள் ஸ்டோரை விட்டுப் போனது அந்த ஆடிட்டுக்குப் பயந்துதான்.

கம்பளி முத்திரையில் தொழிலாளர் நலம் என்ற பகுதி பிறகுதான் சேர்ந்தது, 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில். முதலில் ஆடும் நிலமும், கடைசியில் ஆள். ஆஸ்திரேலியாவில் மயிர் கத்தரிப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆட்டு எண்ணிக்கைக்குத்தான் கூலி. நாள் முழுக்கக் குனிந்து, உதறும் ஆட்டைக் காலிடுக்கில் பிடித்துக் கத்தரிப்பதால் முதுகு போகிறது. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது அரைநாள் சம்பளம், போட்ட என் கைக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். கத்தரித்தவரின் கூலி பற்றி ஒரு வரி இல்லை. நிலத்தைப் பற்றி எழுத இடம் இருந்திருக்கிறது.

மீத்தேன் பற்றியும் அட்டை வாய் திறக்கவில்லை. அசை போடும் ஆடு ஏப்பத்தில் விடும், பூமியைச் சூடாக்கும் வாயு அது. அதற்கு விவசாயிகளிடம் கட்டணம் வாங்க நியூசிலாந்து அரசு 2022-இல் திட்டம் போட்டது. விவசாயிகள் டிராக்டருடன் தெருவில் இறங்கினார்கள். அடுத்து வந்த அரசு 2024-இல் அதைக் கைவிட்டது. அதற்காக அக்ரிலிக் புனிதமாகிவிடாது. ஒவ்வொரு சலவையிலும் அது உதிர்க்கும் பிளாஸ்டிக் இழை எங்கள் நானுஓயா ஆற்றில்தான் கலக்கும்.

குறைகளும் உண்டு. அக்குளிலும், பை உரசும் தோள்பட்டையிலும் இரண்டாம் மாதமே பொடிப் பந்துகள் கட்டிவிட்டன. கொழுந்துக்கூடையோ விறகுக்கட்டோ சுமப்பவர்களுக்கு இது தாங்காது. அவர்கள் கெட்டியான பின்னலாகப் பார்த்து வாங்கட்டும். தோட்டத் தொழிலாளிக்கு 2024-இல் நிர்ணயித்த, நாளொன்றுக்கு 1,350 ரூபாய் என்ற அடிப்படைச் சம்பளத்தில் இந்த விலை ஐந்தரை நாள் உழைப்பாக இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

வாங்குவதென்றால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து அலசி, முறுக்காமல் துவாலையில் சுருட்டிப் பிழிந்து, பலகையில் விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் கை முழங்கால்வரை நீண்டுவிடும். வெந்நீர் பக்கமே காட்டாதீர்கள், பேரப்பிள்ளைக்குத்தான் அளவாக வரும்.