ஹொப்பரை ஒட்டுவதா, மாற்றுவதா?

மிளகாய்த்தூள் மில்லில் வரத்துக் குறைந்தால் உடனே ஹொப்பரை, அதாவது மேலே மிளகாய் கொட்டுகிற புனல் மாதிரியான தொட்டியை, கழற்ற வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அடிக்கதவில் ஈர மிளகாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உள்ளே டோர்ச் அடியுங்கள். வெளியில் வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தால் தகரம் போய்விட்டது.

ஒட்டுப் போடுவது மலிவு, மில்லும் கெதியாக ஓடும். விளிம்பில் சின்ன வெடிப்பு என்றால் அது போதும். ஆனால் நாகம் (சிங்க்) பூசிய கல்வனைஸ் தகரத்தில் வெல்டிங் சூட்டுக்கு அந்தப் பூச்சு எரிந்துபோகும். யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் ஒட்டைச் சுற்றியே மறுபடி கறள் பிடிக்கும். அந்தக் கறள் சனம் சாப்பிடுகிற தூளில்தான் விழும்.

304 ரக எவர்சில்வர் தகட்டில் புதிதாகச் செய்வது செலவுதான். இருந்தாலும் ஹொப்பரின் கழுத்தில், அதாவது அடியில் ஒடுங்கும் பகுதியில், தகரம் மெலிந்திருந்தால் அதையே செய்யுங்கள். பழைய சரிவைக் குறைக்க விடாதீர்கள், மிளகாய் இறங்காமல் தேங்கும்.